தோற்கத் தெரியாத கை

வேலை நிலைக்கவேண்டும் என்று சாமி கும்பிடுகிறவர்கள் உலகத்தில் ஏராளம். வேலை போய்த் தொலையவேண்டும் என்று முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்தவள் பனிமேட்டுத் தோட்டத்துப் பாஞ்சாலை ஒருத்திதான்.

தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. முனீஸ்வரன்தான் பாவம், இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டுப் பழக்கமில்லாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

இதுவரை கூடவே வந்தவர்களுக்குக் கதை தெரியும். நடுவில் ஏறியவர்கள் இப்படி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்துவிட்டது. பத்துக் கை செய்ததை மூன்று கத்தரி செய்கிறது. மிச்சக் கைகளை என்ன செய்வது? தோட்டம் அனுப்பிவிடலாம் என்றது. யூனியன் தலைவர் வீரப்பன் ஆபீசில் போய் உட்கார்ந்தார், கோபமாக எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், பேரம் படிந்தது. வெளியே போகிற ஒவ்வொருவருக்கும், உழைத்த வருஷத்துக்குத் தக்க நட்டஈடு. புதுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

வெளியே போகிறவர்களில் பாஞ்சாலையும் ஒருத்தி. மற்றவர்கள் அழுதார்கள். அவள் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். ஏனென்றால் கியா பார்மில் ரோட்டோரமாக ஆசியா ராத்தாவின் டீக்கடை இருக்கிறது. ராத்தா பினாங்கில் மகனோடு போய் இருக்கப்போகிறார். கடையைப் பாஞ்சாலைக்கே தருவதாக வாய்ப்பேச்சு, முன்பணமும் கைமாறிவிட்டது. மீதிக்கு நட்டஈடுதான். புருஷன் சிவசாமியைப் பேக்டரியில் போன வருஷமே நிறுத்தியாயிற்று. அவர் பங்கு, மூத்தவள் கல்யாணக் கடனில் உப்பாகக் கரைந்தது. ஆக, எல்லாம் இவள் கையில்.

அந்தக் கைதான் காரியத்தைக் கெடுத்தது.

போகப் போகிற கடைசி வாரத்தில் யாராவது மாய்ந்து மாய்ந்து வேலை செய்வார்களா? மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பேருக்குக் கிள்ளினார்கள். பாஞ்சாலையோ பக்கத்து நிரைக்காரி மாரியம்மாவோடு போட்டியில் இறங்கிவிட்டாள். இருவரும் ஒரே வருஷம் மருமகளாக இந்த மலைக்கு வந்தவர்கள். அன்றிலிருந்து யார் கூடை கனம் என்பது தீராத வழக்கு. கடைசி வாரத்திலாவது தீர்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் பறித்த பறிப்பில் தராசு முனகியது.

துரை பார்த்துவிட்டார். துரை என்றதும் வெள்ளைக்காரன் என்று நினைக்கவேண்டாம்; ஈப்போக்காரச் சீனர் லிம். ஆள் மாறினாலும் நாற்காலிக்குப் பேர் துரைதான். நேற்றுச் சாயந்திரம் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இராமையா வந்து பல்லெல்லாம் தெரியச் சொன்னார்: "பாஞ்சாலை, உனக்கு யோகம்லா! கத்தரிக் கூட்டத்துக்கு ஒரு தலைமைக்காரி வேணுமாம். அதே சம்பளம், அதே வீடு. திங்கக்கிழமை வந்துடு."

பாஞ்சாலை ஓடிப்போய்ச் சொன்னதும் வீரப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் தலைவரே, வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னியோ போச்சு. அதே வேலைக்கு அதே சம்பளத்துல கூப்பிட்டு நீ வரலைன்னா, நட்டஈடு கெடையாது. சட்டம். நீ வேணாம்னு சொல்லக்கூடாது. அவங்களா வேணாம்னு சொல்லணும்."

பாஞ்சாலைக்குப் புத்தி சட்டென்று வேலை செய்தது. கிராணியிடம் திரும்பிப் போய், "கிராணியாரே, நான் கத்தரியப் புடிச்சதே இல்லையே. துரைய ஒருதரம் பாத்துட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க" என்று ஒரு கொக்கியை மாட்டினாள். துரைக்கு அது பிடித்துப் போயிற்று. சரி, நாளைக் காலை பரீட்சை. பாஞ்சாலை ஒரு நிரை, மாரியம்மா ஒரு நிரை, ஜெயிக்கிறவள் தலைமைக்காரி என்றார்.

மாரியம்மாவுக்கோ நிலைமை நேர்மாறு. புருஷன் இல்லை, மகன் தானா ராத்தா டவுனில் படிக்கிறான், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவளும் நேற்று முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்திருக்கிறாள். முனீஸ்வரனுக்கு இரண்டு தேங்காயும் ஒத்துப்போகிற காரியம்தான். குறுக்கே நின்றது பாஞ்சாலையின் கை ஒன்றே.

தோற்றால் கடை. ஜெயித்தால் கத்தரி. இதுதான் இன்றைக்குச் சனிக்கிழமைக் காலையின் கணக்கு.

*

"தோக்கறதுல எனக்கு அனுபவம் இருக்கு புள்ள, நான் சொல்றதக் கேளு" என்றார் சிவசாமி. சீட்டாட்டத்தில் அவர் ஜெயித்ததாகத் தோட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. "கத்தரிய ஆழமா விடு. முத்தலும் கம்புமா வரட்டும். நடுவுல நடுவுல நின்னு இடுப்பப் புடிச்சுக்க."

"எனக்கு இடுப்பு வலி கெடையாதுங்களே."

"வலி வந்தா புடிக்கறதுக்குப் பேரு வைத்தியம். வராமப் புடிக்கறதுக்குப் பேருதான் சாமர்த்தியம்."

ஒத்திகைக்காக வீட்டுக் கத்தரிக்கோலால் வேலிச் செம்பருத்தியை அலங்கோலமாக வெட்டச் சொன்னார். பாஞ்சாலை முடிந்தவரை கண்டபடி வெட்டினாள். வெட்டி முடித்துப் பார்த்தால் வேலி, துரை பங்களா வாசல் மாதிரி நின்றது.

இளையவள் சீதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஆசியா ராத்தா கடையில்தான் கையுதவிக்கு நிற்கிறாள். பத்தொன்பது வயசு, வாய்க்கு நாற்பது. "அம்மா, உங்க கைய வீட்டுல வச்சுட்டு அப்பா கையக் கொண்டு போங்க. அது எதுலயும் ஜெயிக்காது."

"போடி, லோரி போயிரப் போகுது."

காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு சீதா கியா பார்முக்குப் போனாள். பாஞ்சாலை தலைத்துணியைக் கட்டிக்கொண்டு தோற்கப் புறப்பட்டாள்.

*

மேட்டு ரோட்டில் ஊரே நின்றது. சனிக்கிழமையாச்சே, வேடிக்கைக்குக் காசா பணமா? துரை குடையோடு நின்றார், பக்கத்தில் கிராணி. வீரப்பன் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார், நியாயத்துக்குச் சாட்சி மாதிரி. சிவசாமி தோளில் துண்டோடு ஓரமாக. "நீ மிஞ்சிப் போனீன்னா துண்ட வீசறேன், மெதுவாப் போ" என்று ஏற்பாடு.

கத்தரியின் ஒரு பக்கம் தட்டு வைத்திருந்தது. வெட்டினால் கொழுந்து தட்டில் விழும். எடுத்து முதுகுக் கூடையில் போடவேண்டும். கிராணி விசில் ஊதினார்.

முதல் பத்துச் செடிக்குப் பாஞ்சாலை உத்தமமாகத் தோற்றாள். கத்தரியை ஆழமாக விட்டாள். முத்தல் இலை வந்தது, கம்பு வந்தது, ஒரு குருவிக்கூடு கூட வந்தது. நின்றாள், இடுப்பைப் பிடித்தாள். ரோட்டில் நின்ற சிவசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து நிரையிலிருந்து மாரியம்மாவின் குரல் வந்தது.

"என்னடி, கை நடுங்குது? வயசாயிடுச்சா?"

பாஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உன்னையக் குத்தம் சொல்லக்கூடாது. இந்த வாரம் அடிச்ச காத்துல தானா வந்து விழுந்த கொழுந்த நீ பறிச்சதாச் சொல்லிட்ட. காத்து நின்னுபோச்சு, கையும் நின்னுபோச்சு."

கடையை நினைத்துப் பாஞ்சாலை அதையும் விழுங்கினாள்.

"உங்கம்மா வீட்டுல புல்லு வெட்டித்தான் பழக்கம் போல!"

அவ்வளவுதான். அம்மா வீட்டை இழுத்தபிறகு கடையாவது, நட்டஈடாவது! கத்தரி செடிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு, தட்டு நிறைந்தது, கூடை நிறைந்தது. பிடித்தே இராத கத்தரி பிறந்ததிலிருந்து கூட வளர்ந்த மாதிரி பேசியது. ரோட்டில் பெண்கள் குலவை போட்டார்கள். துரை குடையைச் சாய்த்துவிட்டுப் பார்த்தார்.

சிவசாமி துண்டை வீசினார். அவள் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வீசினார். குதித்தார். கடைசியில் துண்டு கையைவிட்டுப் பறந்து போய் வீரப்பன் முகத்தில் விழுந்தது.

நிரை முடிகிற இடத்தில் திரும்பினபோதுதான் பாஞ்சாலைக்குச் சுயநினைவு வந்தது. மாரியம்மா நாலு செடி பின்னால் இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். கண் ஓரத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

'அடிப்பாவி, ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டேனே' என்று பாஞ்சாலை தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பிள்ளைத்தாச்சியோ, காய்ச்சலில் எழுந்து வந்தவளோ பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரி கடந்து போகும்போது ஒரு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். கைக்கொழுந்து என்று பேர். போட்டவள் சொல்லிக் காட்டமாட்டாள். வாங்கினவள் நன்றி சொல்லமாட்டாள். அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்தது.

நிறுவைக் கொட்டாய்க்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் பாஞ்சாலை மாரியம்மாவின் பின்னாலேயே போனாள். தன் கூடையில் கைவிட்டு, ஒரு பிடி கொழுந்தை எடுத்து, அவள் கூடையில் போட்டாள். இன்னொரு பிடி. இன்னொரு பிடி.

மாரியம்மா சட்டென்று திரும்பினாள். "என்னடி பண்ற?"

"கைக்கொழுந்து."

"எனக்கா? நான் என்ன புள்ளத்தாச்சியா?" அவள் அதே பிடியை எடுத்துப் பாஞ்சாலையின் கூடையில் திருப்பி வீசினாள். "உன் தருமம் எனக்கு வேணாம்!"

"வச்சுக்கடி!"

"வேணாங்கறேன்!"

மேலே ரோட்டில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். கொழுந்துக்காக அடித்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறார்கள். கொழுந்தை நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று அடித்துக்கொள்வதை இன்றுதான் பார்க்கிறார்கள். துரை கிராணியிடம் மலாயில் என்னமோ கேட்டார். கிராணி தெரியாது என்று சொல்லமுடியாமல், "இது எங்க ஆளுங்க வழக்கம்" என்றார்.

பாஞ்சாலை மாரியம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இது தருமம் இல்லடி. நான் தோக்கணும்."

"நீயா? நீ தோத்தா இந்த மலை தாங்காதே."

"கேளு. கியா பார்ம்ல ஆசியா ராத்தா கடைய நான் பேசி முடிச்சிருக்கேன். துரை என்னைய நிறுத்துனாத்தான் நட்டஈடு வரும். நானா வேணாம்னா ஒண்ணும் கெடையாது. நீ வேலையில இரு, நான் கடைக்குப் போறேன். வெளங்குதா?"

மாரியம்மாவின் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. அப்புறம் வெளிச்சம் வந்தது. மூன்றாவதாக ஒன்று வந்தது பாருங்கள், அதுதான் ஆபத்து. சந்தையில் எதிராளிக்கு அவசரம் என்று தெரிந்தவுடன் வியாபாரி முகத்தில் வருமே, அந்தக் களை.

"அப்ப உனக்குத்தான் அவசரம்" என்றாள்.

"உனக்கும்தானேடி வேலை கெடைக்குது!"

"வேலை குடுக்கறது துரை. நீ என்ன குடுக்கற?"

"எப்ப வந்தாலும் டீ ஓசி."

"ஒரு டீக்கு லோரி ஏறி கியா பார்ம் வரணுமாக்கும்? எல்லாரும் கேக்க, துரை முன்னால, 'மாரியம்மா கைதான் கை'ன்னு ஒரு வார்த்தை சொல்லு."

பாஞ்சாலை பிடித்திருந்த கையை விட்டாள். "வேற கேளு."

"இதான் வெலை."

"டீயோட வடை."

"இதான் வெலை."

"சரி, துரைகிட்ட மட்டும் போய்ச் சொல்றேன்."

"துரைக்குத் தமிழ் தெரியாது. அந்த வித்தையெல்லாம் இங்க வேணாம்."

மேலேயிருந்து கிராணி கூப்பிட்டார். விலை இறங்குகிற சந்தை இல்லை என்று பாஞ்சாலைக்குப் புரிந்தது. "ஒத்துக்கிட்டேன்டி, ராட்சசி" என்றாள். இந்தத் தடவை அவள் போட்ட கைக்கொழுந்தை மாரியம்மா ராணி மாதிரி வாங்கிக்கொண்டாள்.

*

தராசு என்ன காட்டினாலும் யாரும் நம்புகிற நிலையில் இல்லை. கொழுந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பறந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். துரை இரண்டு கூடையிலும் மேலாக அள்ளிப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. சலித்துப்போய் ஏதோ சொன்னார்.

"துரை கேக்கறாரு," என்றார் கிராணி. "இதுல எது யாருதுன்னு அவருக்குப் புரியலையாம். பாஞ்சாலை, நீயே சொல்லு. கூட்டத்துக்குக் கத்துக்குடுக்க ஒசத்தியான ஆளு யாரு?"

வருஷக்கணக்காகத் தோட்டம் காத்திருந்த கேள்வி. பாஞ்சாலை தொண்டையைச் சரிசெய்தாள்.

"கத்தரியில மாரியம்மா கெட்டி."

மாரியம்மா இருமினாள். விலையில் பாதி வந்தால் யார் சரக்கைக் கொடுப்பார்கள்?

"கூடையும்... கனமாத்தான் கொண்டாருவா."

மாரியம்மா இன்னும் பலமாக இருமினாள்.

பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டாள். ஆசியா ராத்தாவின் கடையை நினைத்தாள். கொதிக்கிற பாத்திரம், பிரிஞ்சாங் டவுனிலிருந்து ஏறி வருகிற லோரிகள், இழுத்துவைத்த பெஞ்சு. ஒரே மூச்சில் கொட்டினாள்:

"கையிலயும் அவதான்! மாரியம்மா கைதான் கை! போதுமாடி?"

லயமே கத்தியது. யாரோ கூடையைக் கவிழ்த்து மத்தளம் கொட்டினார்கள். மாரியம்மா சிரிப்பதா அழுவதா தெரியாமல் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கிராணி மொழிபெயர்த்தார்; ஆனால் இந்த ஆரவாரத்தைப் பார்த்த துரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீரப்பன் கல்லிலிருந்து குதித்து வந்து மலாயில் முழங்கினார்: "துரை கவனிக்கணும்! பாஞ்சாலை வேலை வேணாம்னு சொல்லல. யாரு கெட்டின்னு கேட்டீங்க, பதில் சொல்லுச்சு. முடிவு உங்களுது."

துரை மாரியம்மாவைக் காட்டித் தலையாட்டினார். பிறகு பாஞ்சாலையைப் பார்த்து, கொஞ்சம் வருத்தத்தோடேயே, இரண்டு வார்த்தை சொன்னார்.

"பாஞ்சாலை," என்றார் கிராணி, துக்க வீட்டுக் குரலில். "மனசத் தேத்திக்க. நீ திங்கக்கிழமை வரவேண்டாமாம்."

"நெசமாவா?"

"நெசம்தாம்மா. ஏற்கெனவே பேசின மாதிரி நட்டஈட்ட ஏழு நாளுல குடுத்துருவாங்க."

வேலை இல்லை என்று சொன்ன துரையைக் கையெடுத்துக் கும்பிட்டவள் அந்த மலையில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். துரை பதறிப்போய்ப் பதிலுக்கு அவரும் கும்பிட்டார். சிவசாமி ஓடிவந்து, ஊர் பார்க்கிறதே என்பதையும் மறந்து, பெண்டாட்டியின் முதுகுக் கூடையைக் கழற்றித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார்.

மாரியம்மா கிட்டே வந்தாள்.

"உங்கம்மா வீட்ட இழுத்தது தப்புதாண்டி" என்றாள் மாரியம்மா.

"இழுக்கலைன்னா நான் ஒழுங்காத் தோத்திருப்பேன்."

"அப்ப இந்த வார்த்தைய நான் கேட்டிருக்க முடியாதே!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொட்டாய்த் தகரம் அதிர்ந்தது.

*

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேட்டு ரோட்டில் ஒரு லோரி வந்து நின்றது. கோலா தெர்லாவிலிருந்து வரும் முட்டைக்கோஸ் லோரி. அதிலிருந்து சீதா குதித்தாள். கையில் துடைக்கிற துணி அப்படியே இருந்தது.

"அம்மா, கடைக்கு ஒரு ஆளு வந்திருக்கான்."

"டீ குடிக்கத்தானே கடை? வரட்டும்."

"குடிக்க இல்லம்மா, கடைய வாங்க! கோலா தெர்லா தோட்டக்காரன். ஸ்ட்ராபெர்ரி வச்சு விக்கப் போறானாம். முழுப் பணத்தையும் இடுப்புல கட்டிக்கிட்டு வந்து ராத்தா எதுக்க உக்காந்திருக்கான்."

சிவசாமியின் தலையிலிருந்து கூடை நழுவியது. "ஏழு நாளு ஆகுமேடி நமக்கு! போச்சு, போச்சு..."

பாஞ்சாலை அசையவில்லை. ஆசியா ராத்தாவோடு பேரம் பேசியே பாதி வியாபாரம் படித்தவள் அவள்.

"அவனுக்கு ராத்தா டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"காசு வாங்குனாங்களா?"

"வாங்குனாங்க. ரெண்டாவது டீக்கும் வாங்குனாங்க."

பாஞ்சாலை பெரிய மூச்சாக விட்டாள். "அப்பச் சரி. கடையவே விக்கப் போற ஆளுகிட்ட யாராச்சும் டீக்குக் காசு வாங்குவாங்களா? ராத்தா வார்த்தை மாறல. நீங்க கூடையத் தூக்குங்க."

சீதா நகரவில்லை. துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"என்னடி?"

"மூணாவது டீக்கு ராத்தா காசு வேணாம்னுட்டாங்கம்மா. தட்டுல பிஸ்கட்டும் வச்சாங்க. அதப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன்."

சிவசாமி அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார். மாரியம்மாவின் வாயில் சிரிப்பு பாதியில் நின்றது.

பாஞ்சாலை ஒரு கணம் மலையைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோரியின் படியில் கால் வைத்தாள். டிரைவரின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்கலா! நாலாவது டீய அவனுக்கு நான் ஊத்தறேன். காசு வாங்கிக்கிட்டுத்தான்."